வெங்காய சாம்பார்

"இன்னிக்கு நீ அடுப்புப் பக்கமே வரவேண்டாம்மா. சமையல் முடிஞ்சாச்சு" என்றார் சுவாமிநாதன், ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மருமகளிடம்.

ருக்மிணி சிரித்தாள். "என்ன மாமா மெனு?"

"வெங்காய சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். கடைக்கெல்லாம் போகலை. வீட்ல இருந்ததை வெச்சே பண்ணிட்டேன்."

தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஜனார்த்தனனுக்கு மனசு நிறைந்திருந்தது. திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா சமையல்தான். அம்மா தவறியதிலிருந்து அவர் கரண்டியைத் தொடவில்லை. அமெரிக்காவுக்கு, இந்த சன்னிவேல் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்றைக்குத்தான் அவராகவே எழுந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்.

சுவாமிநாதன் பேத்தி விஷாகாவின் தட்டில் சாதம் போட்டார்.

"ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்ச் சின்ன வெங்காயத்தை அத்தனை உரிச்சேன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை."

ருக்மிணியின் சிரிப்பு நின்றது. நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கீழ் டிராயரை இழுத்துப் பார்த்தாள். மூடினாள்.

"மாமா, சாம்பாரை ருசி பார்த்தீங்களா?"

"சமைக்கும்போது வாயில வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாதே. ஏம்மா?"

அவர் விஷாகாவின் தட்டுக்கு மேலே கரண்டியைக் கொண்டுபோனார். ருக்மிணி அந்தக் கரண்டியைப் பிடுங்கினாள். பாத்திரத்தோடு தூக்கிப்போய், சாம்பார் மொத்தத்தையும் சிங்க்கில் கொட்டி, மிச்சம் மீதியை அரைத்துத் தள்ளும் டிஸ்போசல் சுவிட்சைத் தட்டினாள்.

அது கடகடவென்று அரைத்து முடித்தது.

"ஐ வான்ட் தாத்தாஸ் சாம்பார்" என்றாள் விஷாகா.

"சாரி மாமா. எனக்கு வெங்காய சாம்பார் வாசனையே ஆகாது. தலைவலி வேற. தோசை ஆர்டர் பண்ணிடறேன்."

சுவாமிநாதன் காலிக் கையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

ஜனார்த்தனன் மனைவியைக் கையைப் பிடித்து கராஜுக்கு இழுத்துப் போனான்.

"வாசனை ஆகாதா? நம்ம கல்யாணத்துல அதையே கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவ நீ. ஒரு வருஷம் கழிச்சு மனுஷன் இன்னிக்குத்தான் எழுந்து நின்னார். அவர் முகத்துக்கு நேரா கொட்டறே. இவ்வளவு திமிரா உனக்கு?"

"மெதுவா பேசு, ஜனா."

"ஏன் மெதுவா பேசணும்?"

"அது வெங்காயம் இல்லை. டூலிப் கிழங்கு."

அவனுக்குப் புரியவில்லை. "பூச்செடி டூலிப்பா? அது எதுக்கு ஃபிரிட்ஜ்ல?"

"இந்த ஊர்க் குளிர் அதுக்குப் பத்தாது. ரெண்டு மாசம் ஃபிரிட்ஜ்ல வெச்சு, டிசம்பர் கடைசியில நட்டாத்தான் வசந்தத்துல ஒழுங்கா பூக்கும். இல்லேன்னா வெறும் இலைதான். ஆப்பிளோட வெச்சா பூ கருகிடும்னு தனி டிராயர்ல வெச்சேன். வாசல் ஓரமா சிவப்பா ஒரு வரிசை வரணும்னு ஆசை. வலைப்பையில பார்த்தா அப்படியே சின்ன வெங்காயம்தான். மாமா மேல என்ன தப்பு?"

"சாப்பிட்டிருந்தா?"

"விஷம், ஜனா. வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். குழந்தைக்குத்தான் அவர் முதல்ல ஊத்தப் போனார்."

ஜனார்த்தனன் கார் மேல் சாய்ந்துகொண்டான். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேளை" என்றான். மறுபடியும், "நல்லவேளை, யாரும் வாயில வைக்கலை."

"ம்."

"இதை அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு அப்படி ஒரு பொய்?"

"பேத்திக்கு எதை ஊத்தப் போனோம்னு தெரிஞ்சா, இனிமே அவர் கிச்சன் பக்கமே வரமாட்டார். மறுபடியும் அந்த சோபா, அந்தச் சுவர். அதுக்கு நான் திமிர் பிடிச்ச மருமகளாவே இருந்துட்டுப் போறேன். மிச்சக் கிழங்கை எடுத்து, பேர் எழுதி, பூட்டு போட்ட டப்பாவில வெச்சிடறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வா. அப்பாவை எப்படியாவது சமாதானப்படுத்துவோம்."

இருவரும் பின்கதவு வரைக்கும் போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவாமிநாதன் போனில் பேசிக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து மகள் மீனாக்ஷி. ஸ்பீக்கரில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்னப்பா, சமையல் எல்லாம் பண்றீங்களாமே? அண்ணன் மெசேஜ் போட்டான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அண்ணி சாப்பிட்டாங்களா? என்ன சொன்னாங்க?"

ருக்மிணி கதவின் கைப்பிடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

சுவாமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"உங்க அண்ணிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சும்மா. பாத்திரத்துல ஒரு சொட்டு மிச்சமில்லை. நாளைக்கு மோர்க்குழம்பு வைக்கச் சொல்லியிருக்கா."