மூன்றாவது இன்டர்வியூ

“உங்கள் பெயர்?”

“குணேஸ்வரி பாலசுந்தரம்.”

“சத்தமா! வார்டுல கடைசிக் கட்டில்ல படுத்திருக்கிறவனுக்குக் கேக்க வேணாமா?” என்று அதட்டினார், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் இரண்டாவது அதிகாரியாக உட்கார்ந்திருந்த நண்பர் தம்பு, அந்த டைக்காரர் மேசைக்கடியில் கட்டியிருந்த கட்டம் போட்ட கைலியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

இடம், பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் பாலசுந்தரத்தின் வீடு. மேசை, சாப்பாட்டு மேசை. எதிரே உட்கார்ந்திருந்தவள் அவருடைய ஒரே மகள்.

இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வந்து எட்டு மாதமாகிறது. இரண்டு ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கை விரித்துவிட்டன. மறுநாள் கிள்ளானில் மூன்றாவது. இதுவும் போனால் வேறு இடமில்லை.

“ரெண்டு தடவ ஏன் போச்சு தெரியுமா, தம்பு? நிமிந்து உக்கார மாட்டா. வாயத் திறக்க மாட்டா. கப்பலேறிப் போய்ப் படிச்சவ மாதிரியா இருக்கா? பண்டமாரான் கிராமத்தத் தாண்டாதவ மாதிரி இருக்கா!”

“பிள்ளைய ஏன்யா வெரட்டுற? பயந்துடப் போகுதுலா” என்றார் தம்பு.

“பயப்படட்டும். மேட்ரன் முன்னால பயந்துட்டு நிக்கிறதுக்கு, என் முன்னால பயந்து தொலைக்கட்டும்.”

பாலசுந்தரம் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன்பு அலுவலகம் அவரிடமிருந்து ஓய்வு பெற்றது. அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“அடுத்த கேள்வி. எத்தனை வருஷப் பயிற்சி?”

“ரெண்டு வருஷம்” என்றாள் குணேஸ்வரி, மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே.

“இங்கதான் கோட்ட விடுற! மத்தவளுக மூணு வருஷம் தேய்க்கிறத நான் ரெண்டே வருஷத்துல முடிச்சேன்னு சொல்லு. நீ சொல்லாம மேட்ரனுக்கு எப்படித் தெரியும்?”

“மேட்ரன் ஒருத்திக்குத்தான் தெரியாது போல. இந்த ரோட்டுல பால்காரனுக்குக்கூடத் தெரியும்” என்றார் தம்பு.

“கெட்டிக்காரத்தனத்த மூடி வச்சா ஆச்சா?”

“அப்பா, அது வந்து...” என்று தொடங்கினாள் மகள்.

“கை! கைய மடியில வை!”

மறுநாள் காலை தம்புவின் டட்சன் காரில் மூவரும் கிள்ளானுக்குப் போனார்கள். வழி முழுக்கக் கேள்வி பதில். முன்சீட்டிலிருந்து கேள்வி வந்தது. பின்சீட்டிலிருந்து பதில் வருவதற்குள் முன்சீட்டே பதிலையும் சொல்லிக்கொண்டது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் குணேஸ்வரியை உள்ளே கூப்பிட்டார்கள். பாலசுந்தரம் டையை இழுத்து விட்டுக்கொண்டு, மாத்திரைக்குக் காத்திருந்த யாரோ ஓர் அம்மாவிடம் மகளின் இரண்டு வருஷத்தைச் சொல்லத் தொடங்கினார். பாதி சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது. மகளோடு மேட்ரன் மார்க்கிரட்டும் வெளியே வந்தார்.

“அதுக்குள்ளயா? நேத்து நானே ஒரு மணி நேரம் கேட்டேனே!” என்று எழுந்தார் பாலசுந்தரம்.

“நீங்க அப்பாவா சார்? உங்க மக நல்லாத்தான் பேசினாங்க. பேச்சுல ஒரு குறையும் இல்ல” என்றார் மேட்ரன். “ஆனா அங்க நர்ஸ் படிப்பு ரெண்டு தினுசு. மூணு வருஷம் படிச்சா ஸ்டாஃப் நர்ஸ். ரெண்டு வருஷம் படிச்சா, ஸ்டாஃப் நர்ஸுக்கு ஒத்தாசை பண்ற நர்ஸ். இவங்க படிச்சது அந்த ரெண்டு வருஷப் படிப்பு. எங்களுக்கு ஸ்டாஃப் நர்ஸ்தான் வேணும்.”

பாலசுந்தரம் டையைத் தளர்த்தினார்.

“அட்டெண்டன்ட் வேலை ஒண்ணு காலியா இருக்கு. இஷ்டம்னா திங்கக்கிழமை வரட்டும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேட்ரன் உள்ளே போய்விட்டார்.

அட்டெண்டன்ட் என்றால் மலச்சட்டி எடுக்க வேண்டும், தரை துடைக்க வேண்டும். போன வருஷம் குடலிறக்கத்துக்குப் படுத்துக் கிடந்த தம்புவுக்கு அது நன்றாகத் தெரியும். அவர் குனிந்து கார் சாவியைப் பார்த்துக்கொண்டார்.

பாலசுந்தரம் குரலை உயர்த்தினார். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

“ஏமாத்திட்டானுங்க! வெள்ளக்காரன் என் பிள்ளைய ஏமாத்திட்டான்! ஹை கமிஷனுக்கே எழுதுறேன் பாரு!” என்றவர், சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். “நீ என்ன மண்ணாங்கட்டியா? போய்ச் சேந்த ஒடனே இது மட்டமான படிப்புன்னு தெரிஞ்சிருக்குமே! அப்பனுக்கு ஒரு வரி எழுதணும்னு தோணலையா?”

மாத்திரைக்காரம்மா குணேஸ்வரியை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏர்மெயில் தாள் என்ன விலை, ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று தம்புவுக்கும் தோன்றியது.

குணேஸ்வரி சான்றிதழை உறைக்குள் போட்டு மூடினாள். குரல் உயரவில்லை.

“முதல் மாசமே எழுதினேன்பா, மூணு வருஷப் படிப்புக்கு மாறிக்கட்டுமான்னு. ‘ரெண்டே வருஷம்னு பிரிக்பீல்ட்ஸ் பூரா சொல்லிட்டேன், என் மானத்த வாங்காதே’ன்னு நீங்கதான் பதில் போட்டீங்க.”