உட்கார்ந்திருந்த ஒருவன்

"ஹிர்ஷ்லரை நீக்கணும்ங்கிறவங்க எழுந்து நில்லுங்க," என்றான் ஸாட்லர்.

பியர்க்கடையின் பின்னறையில் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

மோரிட்ஸ் ஹிர்ஷ்லர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தன்னைத் துரத்தவென்று கூடிய கூட்டத்துக்கு டை கட்டிக்கொண்டு, மீசையைச் சீவிக்கொண்டு வந்த ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

போக வேண்டாம் என்று மனைவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "விதிப்படிதானேம்மா நடக்கும்," என்று கிளம்பிவிட்டார்.

விதியை எழுதியவர் அவர்தான்.

கால்பந்து ஆடிய பையன்களைப் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்திய காலத்தில் இந்தக் கழகத்தை ஆரம்பித்து, தலைவராக இருந்து நடத்தியவர் அவர். இங்கிலீஷ்காரன் பைத்தியம் இவனுக்கும் பிடித்துவிட்டது என்று ஊரே சிரித்தது. அவர் பாட்டுக்கு மைதானத்துக்காக நகரசபைக்கு நடையாய் நடந்தார். தெற்கத்தி அணிகளையெல்லாம் ஒரே சங்கத்துக்குள் கொண்டுவர மூன்றாம் வகுப்பு ரயிலில் ஊர் ஊராக அலைந்தார். அங்கே சண்டை போட்டுக்கொண்டவர்களையெல்லாம் உட்கார வைத்து பியர் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

துரத்தப்படுகிறவனின் வலி தெரியும் என்பதால்தான் அப்படி ஒரு விதி. ஓர் உறுப்பினரை நீக்க வேண்டுமானால், அவரைத் தவிர அறையில் இருக்கிற எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் நீக்கம் செல்லாது.

அந்த விதியால் பிழைத்தவன்தான் இப்போது தலைவர் நாற்காலியில் இருக்கும் ஸாட்லர். கோல்கீப்பராக இருந்த காலத்தில் நடுவரை அறைந்துவிட்டான். கழகமே எழுந்து நின்றது. ஹிர்ஷ்லர் மட்டும் உருளைக்கிழங்கு சாலட்டைச் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நாற்காலியை விட்டு அசையவில்லை.

அதெல்லாம் பழைய கதை. இந்த வசந்தத்தில் புதிய ஆட்சி. ஹிர்ஷ்லரைப் போல யூதர் ஒருவர்கூடக் கழகத்தில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வரும் முன்பே ஸாட்லர் முந்திக்கொண்டான். ஆனால் அதையும் முறைப்படி, கூட்டம் போட்டு, விதிப்படிதான் செய்ய வேண்டும் அவனுக்கு. எந்த அநியாயத்துக்கும் ஒழுங்கு குறையக்கூடாது, நம் ஊர் அப்படி.

கதவருகே புதிய ஆட்சியின் அடியாட்கள், பழுப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், யார் எழுந்திருக்கிறார்கள், யார் எழுந்திருக்கவில்லை என்று பார்க்க.

நாற்காலிச் சத்தம் அடங்கியது. ஹிர்ஷ்லர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். ஒருவன். ஒரே ஒருவன் போதும் கடவுளே.

"அங்க என்ன, வென்டலின்?" என்றான் ஸாட்லர்.

ஹிர்ஷ்லர் திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில் வென்டலின் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

வென்டலின்! இடது ஓரத்தில் அவன் பந்தோடு கிளம்பினால் எதிரணிக்காரன் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் ஹிர்ஷ்லர். உலகப் போர் முடிந்து வந்தவனுக்கு டிராம் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். கழகம் போனாலும் போகட்டும், இது போதும் என்று தோன்றியது.

பழுப்புச் சட்டைக்காரர்களில் ஒருவன் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு கடைசி மேசையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

ஹிர்ஷ்லரின் சந்தோஷம் அந்த நொடியே பயமாக மாறியது. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அடித்து எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டால் யார் கேட்பது? அவர் எழுந்தார். பழுப்புச் சட்டைக்காரனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடினார். யாரும் வழிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வென்டலின் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். அவர் குனிந்து அவன் காதோடு சொன்னார்.

"எந்திரிப்பா. நீ உக்காந்திருந்ததே எனக்குப் போதும். என்னால உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, எந்திரி."

வென்டலின் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்திரிக்கத்தான் தலைவரே பாக்கிறேன்," என்றான். "கட்டை நழுவி மேசைக்கு அடியில போயிருச்சு. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன், அவன் வர்றான்."

பிரான்சில் ஏதோ ஒரு பதுங்குகுழியில் அவன் இடது காலை விட்டுவிட்டு வந்தவன். சந்தோஷத்தில் அது ஹிர்ஷ்லருக்கு மறந்தே போயிருந்தது.

அவர் மண்டியிட்டு மேசைக்கு அடியில் நுழைந்தார். பூட்ஸ் கால்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவி அந்த ஊன்றுகட்டையை எடுத்தார். அவன் கையில் கொடுத்தார். அவசரத்தில் அது அவனுக்கு நிலைகொள்ளவில்லை. அவர் தோளையும் கொடுத்தார்.

வென்டலின் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ரொம்ப நன்றி தலைவரே," என்றான், பழக்கத்தில்.