பிரபஞ்சத்தின் முதல் விதி

“மேலங்கி இல்லாம ஒருத்தியை எப்படிம்மா பறக்க விடறது?”

“அவ பறக்க மாட்டா சார். மூட்டு வலி.”

பிரபஞ்சம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அதுவல்ல. அந்தச் சித்திரக்கதைப் பதிப்பகத்தில் அவருக்கு ‘ஒருங்கிணைந்த வீரப் பிரபஞ்சத்தின் தலைமைப் பொறுப்பாசிரியர்’ என்று பதவி. கதவுப் பலகையில் அது மூன்று வரிக்கு நீண்டதால், அலுவலகத்தில் சுருக்கிக்கொண்டார்கள். அவர் காதுபடாமல்தான்.

எதிரே மடியில் அட்டைப் பையோடு உட்கார்ந்திருந்தாள் ஓவியர். பதிப்பகத்தின் பத்தொன்பது வீரர்களும் ஒரே உலகத்தில் வாழ்ந்து, ஒருவர் கதைக்குள் இன்னொருவர் புகுந்து அடித்துக்கொண்டிருக்க, இவளுடைய ‘சமாளி அக்கா’ மட்டும் மாத இதழின் மூலையில் எட்டுப் பக்கத்தில் தனிக்குடித்தனம் நடத்திவந்தாள். எழுத்தும் இவள்தான், படமும் இவள்தான்.

“முதலாளி கறாராச் சொல்லிட்டார். பிரபஞ்சத்துல சேர்ந்தா உண்டு. இல்லேன்னா அடுத்த மாசத்தோட உன் அக்காவுக்கு மூடுவிழா.”

“ஒத்தை ஆளா நானே யோசிச்சு உண்டாக்கினவ சார் அவ.”

“சொந்தக் கற்பனை!” பிரபஞ்சம் ஏதோ சளி மருந்தின் பெயர்போல அதை உச்சரித்தார். “பெரிய வீட்டுக்கு மருமகளா வர்ற யோகம்னு நினைச்சுக்கோ. சரி, அவளுக்கு என்ன சக்தி?”

“சமாளிப்பா.”

“எதை வெச்சு?”

“வாயை வெச்சுதான். வேலைக்கு லேட்டானா மேனேஜர், குடைஞ்சு குடைஞ்சு கேள்வி கேட்கிற மாமியார், படுக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற பொண்ணு... யார் வந்தாலும் அந்த நிமிஷமே எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிச் சமாளிச்சுடுவா.”

பிரபஞ்சம் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“எங்க கேப்டன் கந்தகம் மூச்சு விட்டா மலை உருகும். நிழல்புலி கருங்கல் சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போவான். இந்தம்மா பொய் சொல்லுவாங்களாக்கும்!”

“பொய் இல்ல சார். கதை.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒரு சந்தேகம் சார். வேற யாராவது அவங்க புத்தகத்துல என் அக்காவைக் கொன்னுட்டா?”

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல அவர் எழுந்து, சுவரைக் காட்டினார். பித்தளைச் சட்டத்துக்குள் வாசகம் மின்னியது: ‘ஒரு புத்தகத்தில் நடந்தது எல்லாப் புத்தகத்திலும் நடந்ததே. அச்சேறியது மாறாது.’ கீழே அவருடைய கையெழுத்து, வாசகத்தைவிடப் பெரிதாக.

“பிரபஞ்சத்தோட முதல் விதி. நானே நினைச்சாலும் மாத்த முடியாது.”

“நீங்க நினைச்சாலுமா?”

“நான் நினைச்சாலும்!” தன்னாலேயே முடியாத ஒன்றைத் தானே செய்து வைத்த பெருமை அவர் முகத்தில் வழிந்தது.

ஓவியர் சட்டத்திலிருந்த வாசகத்தை இன்னொரு முறை படித்தாள்.

“சரி சார், சேர்ந்துடறோம். முதல் இதழை மட்டும் நானே எழுதி வரையட்டுமா?”

“தாராளமா. ஆனா பத்தொன்பது பேரும் வரணும்.”

“ஒருத்தர் விடாம கூட்டிட்டு வர்றேன்.”

சொன்னபடியே கொண்டுவந்தாள். பக்கத்துக்குப் பக்கம் வெடி, இடி, பறக்கும் பற்கள். பிரபஞ்சம் தன் வழக்கப்படி மேலங்கிகளின் நிறத்தை மட்டும் சரிபார்த்தபடி புரட்டினார்.

“எங்கம்மா உன் அக்கா? ஆளையே காணோமே?”

“கடைசிப் பக்கத்துல வருவா சார்.”

“அதான் மரியாதை. புது மருமக கடைசியில தலையைக் காட்டினாப் போதும்.”

கடைசிப் பக்கத்தை அவர் எந்த இதழிலும் புரட்டியதில்லை. எல்லா வீரர்களும் கைகோத்து நின்று சிரிப்பார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? ‘அச்சுக்கு’ என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டார், பெரிதாக.

இதழ் கடைக்குப் போன அன்று சாயங்காலம், கேப்டன் கந்தகத்தின் கதைகளை எழுதும் மீசைக்காரர் பிரபஞ்சத்தின் அறைக்குள் தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“சார், அடுத்த இதழ்ல கேப்டன் யாரை அடிக்கணும்னு நான் யாரைக் கேட்கணும்?”

“இதென்ன கேள்வி? என்னைத்தான்!”

“உங்களையா?” வெளியே மொத்த அலுவலகமும் குபீரென்று சிரித்தது. “கடைசிப் பக்கம் பார்க்கலையா சார்?”

பிரபஞ்சம் இதழை இழுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். யாரும் கைகோத்து நிற்கவில்லை. ஒரு சின்ன அறை. கட்டில். மூட்டில் தைலம் தடவிக்கொண்டிருக்கும் சமாளி அக்கா. பக்கத்தில் போர்வைக்குள்ளிருந்து இரண்டு பெரிய கண்கள்.

“அம்மா, அந்தப் பத்தொன்பது பேரும் நிஜமாவே இருக்காங்களா?”

“இல்லடா செல்லம். நீ படுக்கணுமேன்னு தினமும் நானா இட்டுக்கட்டிச் சொல்றதுதான். கேப்டன்ல இருந்து கடைசி ஆள் வரைக்கும்.”

சுவரில் பித்தளைச் சட்டத்துக்குள் ‘அச்சேறியது மாறாது’ மின்னியது. அவர் ஓவியருக்குப் போன் போட்டார்.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட! இனிமே என் பத்தொன்பது பேரும் என்னதாம்மா ஆவாங்க?”

“நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன் சார்,” என்றாள் அவள். “இப்போ சமத்தாப் படுத்துத் தூங்குங்க.”