மாசிங் வீட்டில்தான் இருக்கிறார்

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டெல்மா, ஆம்ப்ரிம் தீவில் படகைவிட்டு இறங்கினாள். கொள்ளுத்தாத்தா மாசிங்கை வெள்ளைக்காரர்கள் கப்பலில் தூக்கிப்போனது இந்தக் கரையிலிருந்துதான். ஆஸ்திரேலியக் கரும்புத் தோட்டத்திலேயே அவர் கதை முடிந்தது. இங்கே யார் அவரை நினைவு வைத்திருக்கப் போகிறார்கள்?

"மாசிங் குடும்பத்தைத் தேடி வந்திருக்கேன்."

கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்த லெய்மாரா என்ற பெண் நிமிர்ந்தாள். "மாசிங் வீட்லதான் இருக்காரு, வா. காலையிலேருந்து ஒரே அழுகை. பல்லில்லையா, கிழங்கை மசிச்சுதான் ஊட்டணும்."

"அக்கா, அவர் செத்து நூறு வருஷமாச்சு."

"அங்க செத்திருப்பாரு. இங்க நாங்க விடலையே."

வீட்டில், பாயில் கிடந்த எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி டெல்மாவின் கையில் கொடுத்தாள்.

"கப்பல்ல போனவங்க பேரை நாங்க காலியா விடறதில்ல, தலைமுறைக்குத் தலைமுறை ஒரு பிள்ளைக்கு வச்சிடுவோம். ஊருக்கே இவருதான் தாத்தா."

பிறகு குழந்தையிடம் குனிந்தாள். "தாத்தா, உங்க பேத்தி வந்துட்டா. ஏன் இவ்வளவு லேட்டுன்னு நல்லாக் கேளுங்க."