வலப்பக்கம் நான்கு பாகை

காற்றோ அலையோ எவ்வளவு தள்ளினாலும், அந்த அளவைத் தானே கற்றுச் சுக்கானைத் திருத்திக்கொள்ளும் படகு அது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் அன்று காற்றே இல்லை. ஆனாலும் ஆளில்லாத படகு இடப்பக்கம் சாய்ந்து, சுக்கானை வலப்பக்கம் நான்கு பாகை திருப்பியபடியே ஓடியது.

கரையில் நின்று அதைச் சோதித்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் ஞானேஸ்வரி, ஜீப் சாரதி பெரியதம்பியை முறைத்தாள்.

“உள்ளுக்கை பாரம் ஏதும் வைச்சனீங்களோ?”

“ஐயோ, நான் கிட்டவே போகலங்க மிஸ்.”

படகு கரை தட்டியதும் சாய்வு நிமிர்ந்தது, சுக்கான் நேரானது. துழாவிப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில், திகன நகரைத் தாண்டிய நேர்ச்சாலையிலும் பெரியதம்பி ஜீப்பின் ஸ்டியரிங்கை வலப்பக்கமே இழுத்துப் பிடித்திருந்தான்.

“இடப்பக்கம் இழுக்குதுங்க மிஸ். வரும்போது இப்படி இல்ல.”

இதுவும் இவன் வேலைதானோ என்று பார்த்துக்கொண்டே வந்தவள், கண்டியில் தன் வீட்டு வாசலில் இறங்கினாள். பத்தடி போன ஜீப் நின்றது. பெரியதம்பி தலையை நீட்டினான்.

“சரியாயிருச்சுங்க மிஸ்! பாரம் இறங்கின மாதிரி இப்ப நேரா போகுது!”