ஒரு விரற்கடை இடம்

'அந்த போர்டுல உங்க பிராசஸர் உக்காராது மேடம். சாக்கெட் வேற.'

போனில் வந்ததை அவள் இரண்டாம் முறை படித்தாள். ஏமாற்றமாக இல்லை. இன்னொரு மதர்போர்டு தேட வேண்டும். தேடினால் மறுபடி அவரிடம் கேட்க வேண்டும்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

திண்டுக்கல்லில் ஓர் என்ஜினீயர் ஆபீசில் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தவள் பூங்கோதை. சித்திரையில் அந்த என்ஜினீயர், மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று ஆபீசை மூடிவிட்டார்.

"நீ வீட்லேருந்தே வரைம்மா. பார்ட்டிங்களை நான் அனுப்பி விடுறேன்."

சொன்னபடி அனுப்பினார். வேலைக்குக் குறைவில்லை. எல்லாம் போனிலேயே வந்தன, போனிலேயே போயின. யாரும் படியேறி வரவில்லை.

மாடி போர்ஷன். கீழ்வீடு பூட்டிக் கிடந்தது.

பழைய லேப்டாப், வரைந்த வீட்டை நிறமும் வெளிச்சமுமாகக் காட்டுவதற்குள் சோறு வெந்துவிடும். பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். பாகங்களை நாமே பார்த்து வாங்கிப் பூட்டிக்கொண்டால் நன்றாக உழைக்கும் என்று எங்கோ படித்தாள். அதற்கென்றே டெலிகிராமில் தமிழில் ஒரு குழு இருந்தது. தயங்கித் தயங்கி ஒரு கேள்வி போட்டாள்.

சிலர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

ஒருவர் மட்டும் பதில் போட்டார். இருதயராஜ். தூத்துக்குடி.

பிறகு குழுவை விட்டுத் தனியாகவே எழுதிக்கொண்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவருடைய பதில் வந்துவிடும். பிராசஸருக்கு எந்த போர்டு, போர்டுக்கு எந்த ராம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பவர் சப்ளைக்கு வந்தபோது எழுதினார்:

'இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் மேடம். இது போச்சுன்னா இன்னும் நாலையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்.'

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து பேசாத தொண்டை. கரகரவென்று வந்தது சிரிப்பு.

வேறு யாரோ சிரித்ததுபோலத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள், டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டதாக எழுதினார். கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

'வீட்ல யாரும் இல்லையா சார்?'

'இல்ல மேடம்.'

இன்றைக்கா, எப்போதுமா? அதை அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தெரிந்ததையும் கேட்க ஆரம்பித்தாள். பிராசஸரோடு விசிறி சேர்ந்தே வரும் என்று படித்திருந்தும், தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டாள். அவரும் முதல் தடவை கேட்பவருக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

ஆனாலும் பாகங்களுக்கு ஒரு முடிவு உண்டு. கடைசியாக கிராபிக்ஸ் கார்டு. அதற்கும், எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற கேபினட்டுக்கும் அவரே மாடல் சொன்னார்.

'ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கச்சிதம் மேடம். நானே இதைத்தான் வச்சிருக்கேன்.'

இனிக் கேட்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தாள். கேபினட்டை வரைந்தாள். ஒரு வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டுவதுபோல. கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்த அளவுகளை வைத்து ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்தில் வைத்தாள். கடைசியில் கார்டு. படுக்கைவசத்தில், கூடத்தில் போட்ட கட்டில் மாதிரி உட்கார்ந்தது. அதன் நுனிக்கும் முன்பக்கத்து விசிறிக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் மீந்தது.

ஒரு சுவரைக்கூடத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

பென்சிலை வைத்துவிட்டு, வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் எழுதினாள்.

'எல்லாம் முடிவாயிடுச்சு சார். நாளைக்குக் காலையில ஆர்டர் போட்டுடறேன். ரொம்ப நன்றி.'

நன்றியை அழித்தாள். மரியாதையாக இருக்காது என்று திரும்பப் போட்டாள். அனுப்பினாள்.

அவர் பார்த்துவிட்டார்.

டைப் செய்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது.

தெருவில் உப்பு வண்டி ஒன்று கூவிக்கொண்டு போய், குரல் தேய்ந்து, தெருமுனையில் இல்லாமலானது.

'மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்த கார்டு அந்த கேபினட்டுக்குள்ள போகாது. நீளம் இடிக்கும். வேற கேபினட்தான் பாக்கணும். அவசரப்பட்டு ஆர்டர் போட்டுராதீங்க.'

அவள் தாளை இழுத்து ஸ்கேலை வைத்தாள். கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்து அளவுகளைச் சரிபார்த்தாள்.

அந்த ஒரு விரற்கடை அப்படியே இருந்தது.

எத்தனையோ பேர் குடியிருக்கிற வீடுகளை வரைந்த கை. அளவு தப்பியதில்லை. அவருக்கும் தப்பியிருக்க வழியில்லை. அதே கார்டும் அதே கேபினட்டும் அவர் வீட்டிலேயே இருக்கின்றன.

'இல்ல சார், போகும். அளந்து பாத்துட்டேன்' என்று அடித்தாள்.

அனுப்பவில்லை.

அறைக்குள் இருட்டு ஏறிக்கொண்டிருந்தது. போன் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில்.

பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

'நல்லவேளை சொன்னீங்க சார். தெரியாம வாங்கியிருப்பேன்.'

இந்த முறை பதில் உடனே வந்தது.

'அதுக்கென்ன மேடம். நாளைக்குப் பாத்துச் சொல்லுதேன்.'

அவள் எழுதினாள்:

'நிதானமாவே பாருங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.'