அவளோட வாரேன்

கடைசிப் படகில் வைத்த காலைச் செல்லாயி திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“ஏறுங்கக்கா! கப்பல் நமக்காக நிக்காது லா.”

உள்ளிருந்து கை நீட்டியவன் கனகராஜ். இந்தப் பயணத்துக்கு ஆள் சேர்த்தவன்.

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபின் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப்போன சனம், வருசத்துக்கு ஒருமுறை மாரியம்மன் திருவிழாவில்தான் முகம் பார்த்துக்கொள்ளும். இந்த வருசம் கப்பலில் பார்த்துக்கொள்வோம் என்று கிளம்பி, பினாங்கு, லங்காவி எல்லாம் சுற்றிவிட்டு, காலையில்தான் தாய்லாந்தின் புக்கெட்டில் இறங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் பாஜுச் சட்டை. முதுகில் தோட்டத்தின் பெயர்.

கப்பல் கரைக்கு வராமல் தூரத்துக் கடலிலேயே நின்றிருந்தது. இந்தப் படகை விட்டால் அங்கே போக வேறு வழி இல்லை.

“காளியம்மா இன்னும் வரல” என்றாள் செல்லாயி.

“போலீஸ்ல சொல்லியாச்சு. இந்த ஊரு ஏஜண்டும் தேடுறாரு. கெடச்சதும் பிளேன்ல ஏத்தி அனுப்பிருவாங்க. நீங்க ஏன்க்கா நிக்கணும்? அதுவும் நீங்க?”

படகில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்த செகப்பி மட்டும் செல்லாயியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா. நான்தான் நிக்கணும்.”

ஒரு வருசமாகக் காளியம்மாவுக்கு நினைவு நழுவிக்கொண்டே இருக்கிறது. திடீரென்று எழுந்து, பெரட்டுக்கு நேரமாச்சு, பேர் கூப்பிடுவாங்க, பால்மரம் வெட்டப் போகணும் என்று நடக்கத் தொடங்கிவிடுவாள். பிள்ளைகுட்டி கிடையாது. அவளோடு ஒரே அறையில் தங்க யாருமே முன்வரவில்லை. ‘என்னோட போடு தம்பி’ என்று வாட்சப் குழுவில் எழுதியது செல்லாயிதான். கனகராஜ் உடனே போன் போட்டு, யோசிச்சுத்தான் சொல்றீங்களாக்கா என்று கேட்டான்.

இன்று மத்தியானம் செல்லாயி அவளை இளநீர்க் கடையில் உட்காரவைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். வந்து பார்த்தபோது நாற்காலிதான் இருந்தது.

“அவ மாத்திரைப் பைய இப்படிக் குடு” என்றாள் செல்லாயி.

“அக்கா, சொன்னாக் கேளுங்க...”

“குடுய்யா. நீ போ. நான் அவளோட வாரேன்.”

கனகராஜ் பையைக் கொடுத்தான். கயிறு அவிழ்ந்தது. படகு கிளம்புவதை அவள் நின்று பார்க்கவில்லை.

தாய் மொழியில் ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது. முதலில் கைப்பேசியில் இருந்த படத்தைக் கடை கடையாகக் காட்டினாள். யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு படத்தை உள்ளே வைத்துவிட்டு, தான் போட்டிருந்த மஞ்சள் பாஜுவைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்தாள். கத்தி முனையால் இடப்பக்கத் தெருவைக் காட்டினாள்.

அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள்கள் கொஞ்சமும் இடம் விடாமல் பாய்ந்தன. முழங்கால் வலி இடுப்புவரை ஏறியது. செல்லாயி நிற்கவில்லை.

“ஏ, காளீ!”

தோட்டத்தில் நிரையின் கடைசி ரப்பர் மரத்தில் நிற்பவளுக்கும் கேட்பதுபோல் ஒரு காலத்தில் எழுந்த குரல் அது. வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மறுபடியும் கத்தினாள்.

கப்பலின் ஊதல் கேட்டது. ஊதட்டும் என்று அடுத்த தெருவுக்குள் நுழைந்தாள்.

கால் பிடித்துவிடும் கடை ஒன்றில், சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் காளியம்மா. இரண்டு கால்களும் வெந்நீர்த் தொட்டியில். பூ மிதந்தது. ஒரு பெண் குந்தி உட்கார்ந்து அவள் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க போயிட்ட? எவ்ளோ நேரம்தான் நான் இப்படியே ஒக்காந்திருக்கிறது?” என்றாள் காளியம்மா.

செல்லாயிக்குக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றிருந்தது. பக்கத்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். மூச்சு வாங்கியது. கைக்கு எட்டிய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கடைக்காரி சொல்லியிருப்பாள் போல. சற்று நேரத்தில் பெண் போலீஸ் ஒருத்தி வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். நல்லவேளையாக அவளுக்கு மலாய் தெரிந்திருந்தது. பயப்பட வேண்டாம், இன்று ராத்திரி தங்க இடம் பார்த்துத் தருகிறேன் என்றாள். பிறகு காளியம்மாவைப் பார்த்து, கூடப் பிறந்தவரா என்று கேட்டாள்.

“இல்ல.”

கப்பலில் உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரா, அவருக்குத் தகவல் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

“அவரு போன வருசம் எறந்துட்டாரு. ராமையா.”

இவருடைய வீட்டுக்காரர் என்று காளியம்மாவைக் காட்டிக் கேட்டாள்.

செல்லாயி, தொட்டியிலிருந்து காளியம்மாவின் ஒரு காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தாள். சர்க்கரை உடம்பு, ஈரம் நின்றால் புண்ணாகிவிடும்.

“அதே ராமையாதான்” என்றாள். அடுத்த காலைத் தூக்கினாள்.